காரணம் தெரியாத நோயோடு ஒரு நாய்: வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டு நாய் மெலிந்துகொண்டே போகிறது. காய்ச்சல் வருகிறது, இரண்டு நாளில் தானே தணிகிறது, மறுவாரம் மீண்டும் வருகிறது. பிடித்தமான சோற்றையும் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறது. ரத்தம் எடுத்தாயிற்று, ஊசியும் போட்டாயிற்று. இன்ன நோய் என்று மட்டும் எவராலும் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டு நாட்டு நாய் ஒன்று தன் ஆறாம் வயதில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் இந்த நிலையில் இருந்தது. அந்த நாள்களில் நாங்கள் கேட்டவையும், பின்னர் அதே நிலையில் இருந்தவர்கள் எங்களிடம் கேட்டவையுமான கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இவை கால்நடை மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றல்ல. அவரிடம் போவதற்கு முன்னும் பின்னும் வளர்ப்பவர் கையில் இருக்கும் வேலைகளைப் பற்றியவை.

“காரணம் தெரியவில்லை” என்று மருத்துவர் சொன்னால், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பொருளா?

இல்லை. அந்த ஒரே வாக்கியம் மூன்று வெவ்வேறு நிலைமைகளைக் குறிக்கலாம். நம் நாய் எந்த நிலைமையில் இருக்கிறது என்று மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, நோயைக் காட்டக்கூடிய சோதனை இன்னும் செய்யப்படவில்லை. இரண்டாவது, சோதனை செய்யப்பட்டது, ஆனால் அது காட்டும் அளவுக்கு நோய் அப்போது முதிர்ந்திருக்கவில்லை. மூன்றாவது, நோய்க்குப் பெயர் தெரியும், அது ஏன் வந்தது என்பதுதான் தெரியாது. மூன்றாவது வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு, பெரும்பாலும் 6 மாத வயதுக்கும் 6 வயதுக்கும் இடையில் தொடங்கும் வலிப்பு நோய். மூளையில் கட்டியோ காயமோ எதுவும் புலப்படாத அந்த நாய்களில் பல, காரணம் தெரியாமலேயே, பீனோபார்பிட்டால் போன்ற மாத்திரைகளை நாள்தோறும் உட்கொண்டு பல ஆண்டுகள் நலமாக வாழ்கின்றன. காரணம் தெரிவதும் நோய் கட்டுப்படுவதும் எப்போதும் கைகோத்தே வரும் என்று எதிர்பார்த்ததுதான் எங்கள் முதல் தவறு.

எந்த அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது?

ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ மஞ்சளாகவோ இருந்தாலும், வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வெளிவராமல் தவித்தாலும், சிறுநீர் கழிக்க முக்கியும் வராமல் போனாலும், ஒரே வலிப்பு 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலும், ஒரு நாளுக்குள் இரண்டு மூன்று முறை வலிப்பு வந்தாலும், மூக்கிலிருந்தோ மலத்திலோ ரத்தம் வந்தாலும் அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கருத்தடை செய்யப்படாத பெண் நாய், பருவம் முடிந்த ஓரிரு மாதங்களுக்குள் சோர்ந்து, அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால், கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம். அதுவும் இதே பட்டியலைச் சேர்ந்தது. எலி மருந்தைத் தின்ற நாய் அன்றைக்கு நன்றாகவே இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை மருந்தாக இருந்தால், உள்ளே ரத்தக் கசிவு தொடங்குவதற்கே மூன்று முதல் ஏழு நாள்கள் ஆகலாம். அதற்குள் பக்கத்து வீட்டில் எலி மருந்து வைத்த செய்தியை எல்லாரும் மறந்திருப்பார்கள்.

வீட்டில் எதைக் கவனித்துக் குறித்து வைக்க வேண்டும்?

வளர்ப்பவரால் செய்ய முடிந்தவற்றுள் எல்லாவற்றிலும் பயனுள்ளது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். மருத்துவர் நாயைப் பார்ப்பது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்திலும் பயத்தால் அதன் நாடித் துடிப்பு ஏறியிருக்கும், மூச்சு வாங்கும், வீட்டில் நொண்டிய கால் அங்கே நொண்டாது. மற்ற நேரம் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நாம்தான்.

ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போதும். உடல் வெப்பத்தை ஆசனவாயில் வைக்கும் டிஜிட்டல் வெப்பமானியால், நுனியில் சிறிது வாஸ்லின் தடவி, நாய் இளைப்பாறிய பிறகு ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பு. மனிதக் கணக்கில் அது காய்ச்சலாகத் தோன்றுவதால் பலர் வீணாகப் பதறுகிறார்கள். மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல், ஈரமாக இருந்தால் நலம் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. ஆழ்ந்து உறங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 30-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் அது இதயத்தையோ நுரையீரலையோ பற்றிய செய்தி. ஈறை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். தண்ணீரை அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மீதியை அளந்தால் குடித்த அளவு தெரிந்துவிடும். எடையில் கிலோவுக்கு 100 மில்லிலிட்டர், அதாவது 20 கிலோ நாய்க்கு 2 லிட்டர், என்ற அளவைத் தாண்டினால் சிறுநீரகம், நீரிழிவு, சுரப்பிக் கோளாறு ஆகியவற்றை மருத்துவர் தேடத் தொடங்குவார். எடையை வாரம் ஒரு முறை, நாயைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு தனியே நின்று கழித்துப் பார்க்கலாம்.

எண்களைவிடச் சில வேளைகளில் சாதாரண வரிகள் உதவும். எங்கள் நோட்டில் “காலையில் மாடிப்படி ஏறவில்லை, மதியம் ஏறியது” என்ற வரி மூன்று வாரங்களில் ஏழு முறை எழுதப்பட்டிருந்தது. எழுதிய எங்களுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர் பக்கங்களைப் புரட்டி அந்த வரியில் நிறுத்தினார். காய்ச்சலும் காலை நேர விறைப்பும் சேர்ந்து வருவதால் மூட்டுகளிலிருந்து நீர் எடுத்துப் பார்க்கலாம் என்றார். உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்கும் அழற்சி நோய் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த எதிர்ப்பாற்றல் ஏன் திரும்பியது என்பது கடைசிவரை தெரியவில்லை.

நொண்டல், நடுக்கம், இருமல், மயக்கம் போன்றவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்வதும் நல்லது; விவரித்துச் சொல்ல முயலும்போது வலிப்பையும் மயக்கத்தையும் பலரும் குழப்பிவிடுகிறார்கள்.

உண்ணிக் காய்ச்சல் சோதனையில் “இல்லை” என்று வந்தது. அதை நம்பலாமா?

தமிழ்நாட்டில் ஒரு நாய்க்குக் காய்ச்சலும் சோர்வும் வந்தால் முதலில் எழும் ஐயம் இதுதான், அது நியாயமானதும்கூட. நாய்களிடம் சாதாரணமாகக் காணப்படும் பழுப்பு உண்ணி, எர்லிக்கியா, பபீசியா முதலிய கிருமிகளைக் கடத்துகிறது. ஒரே நாய்க்கு இரண்டு கிருமிகள் சேர்ந்தே தொற்றியிருக்கவும் கூடும்.

மருத்துவமனையில் சில நிமிடங்களில் முடிவு காட்டும் அட்டைச் சோதனை, பெரும்பாலும் கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. தொற்று ஏற்பட்ட முதல் ஓரிரு வாரங்களில் அந்த எதிர்ப்பொருள் போதிய அளவில் உருவாகியிருக்காது என்பதால், நோய் இருந்தும் “இல்லை” என்று வரலாம். அதேபோல, நோய் தீர்ந்து பல மாதங்கள் ஆன பிறகும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தங்கியிருப்பதால், இப்போதைய சோர்வுக்குக் காரணம் வேறாக இருக்கும்போதும் “உண்டு” என்று வரலாம். பி.சி.ஆர். சோதனை கிருமியின் மரபுப் பொருளையே தேடுவதால் தொடக்க நிலையில் கூடுதலாகப் பயன்படும். ஆனால் எர்லிக்கியா நாள்பட்ட நிலையில் ரத்தத்தை விட்டு மண்ணீரல் போன்ற இடங்களில் ஒதுங்கியிருந்தால் அதுவும் தவறவிடக்கூடும். ஆகவே ஒரு சோதனை முடிவை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாமல், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை, ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை, நாயின் நிலை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவரை நம்பலாம். தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் எந்திரம் அவற்றைக் குறைத்து எண்ணும் என்பதால், எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்றால் கண்ணாடியிலும் பார்த்தார்களா என்று கேட்பதில் தவறில்லை.

எர்லிக்கியாவுக்கு வழக்கமாக டாக்சிசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை 28 நாள்கள் கொடுக்கப்படுகிறது. புதிய தொற்றாக இருந்தால் இரண்டு மூன்று நாள்களிலேயே காய்ச்சல் இறங்கி நாய் சாப்பிடத் தொடங்கும்; அதோடு மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய பிழை. இறங்கவே இல்லை என்றால், நோய் வேறு அல்லது கூடவே வேறொன்றும் இருக்கிறது என்று மருத்துவர் மறுபடி யோசிக்க வேண்டும். டாக்சிசைக்ளின் மட்டும் கொடுத்து பபீசியாவைத் தீர்க்க முடியாது. மாத்திரையைத் தயிர்ச் சோற்றில் ஒளித்துக் கொடுக்கும் பழக்கத்தைக் கைவிடுவது நல்லது. தயிரிலுள்ள சுண்ணாம்புச் சத்து மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது.

நாயின் மேல் இருப்பதைப் பிடுங்கிப் போட்டால் உண்ணி ஒழிந்துவிடாது. சுவர் வெடிப்பிலும் கட்டில் இடுக்கிலும் பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருந்தும் வீட்டுக்குப் பராமரிப்பும் ஒன்றாக நடக்க வேண்டும்.

ரத்தச் சோதனைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் நாய் சரியாக இல்லை. இது எப்படி?

வழக்கமான ரத்தச் சோதனை என்பது சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நிலையைச் சொல்வது. அதன் கண்ணுக்குப் படாத நோய்கள் பல உண்டு. பல்லின் வேரில் கோத்த சீழ், முதுகெலும்புத் தட்டுகளில் தொற்று, இதய வால்வில் படிந்த கிருமி, மேலே சொன்ன மூட்டழற்சி ஆகியவை அத்தகையவை. மாம்பழக் காலத்தில் விழுங்கிய மாங்கொட்டை குடலில் பாதி அடைத்தும் பாதி விட்டும் நாள்கணக்கில் கிடக்கலாம். எலும்பைப்போல எக்ஸ்ரேயில் அது பளிச்சென்று தெரியாது, ஸ்கேன்தான் கைகொடுக்கும்.

தனியே சொல்ல வேண்டியது அடிசன் நோய். சிறுநீரகத்தின் அருகிலுள்ள அட்ரினல் சுரப்பி போதிய அளவு சுரக்காததால் வருவது. நாய் சில நாள் வாந்தி எடுக்கும், நடுங்கும், உண்ணாது. குளுக்கோஸ் ஏற்றினால் துள்ளி எழும். சில வாரங்களில் மீண்டும் விழும். விடுதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்வந்த பிறகோ, தீபாவளி வெடிச் சத்தத்துக்குப் பிறகோ, வீட்டில் கல்யாணக் கூட்டம் கூடிய பிறகோ விழுந்தால், நோட்டில் அந்தத் தேதிகள் இருப்பது மருத்துவருக்குப் பேருதவி. சோடியம், பொட்டாசியம் அளவுகளைப் பார்த்தார்களா, அந்தச் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசாலை அளக்கும் சோதனை தேவையா என்று கேட்கலாம். அந்த உப்புகள் இயல்பாகவே இருக்கும் அடிசன் வகையும் உண்டு.

ஸ்டீராய்டு ஊசி போட்டதும் சரியாகிவிட்டது. அப்படியானால் நோய் தீர்ந்துவிட்டதா?

எங்கள் நாய்க்கு முதல் வாரத்திலேயே, அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் இந்த ஊசி போடப்பட்டது. ஐந்து நாள் அது குட்டியைப்போல ஓடியது. நாங்கள் இனிப்பு வாங்கிக் கொண்டாடினோம். ஆறாம் நாள் எழுந்திருக்கவில்லை. ஸ்டீராய்டு எந்த அழற்சியையும் தணிக்கும், காய்ச்சலை இறக்கும், பசியைத் தூண்டும். அதனால் நாய் நலமாகத் தெரிவது நோயின் பெயரைச் சொல்லிவிடாது. நிணநீர்ப் புற்றுநோயில் சோதனைக்கு முன்பே கொடுத்தால் கட்டிகள் சுருங்கி, நோயைக் கண்டறிவதும் பின்னர் புற்றுநோய் மருந்து வேலை செய்வதும் கடினமாகும். அடிசன் நோய்க்கான கார்ட்டிசால் சோதனையின் முடிவையும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு குழப்பிவிடும். இருப்பினும் ஸ்டீராய்டைப் பகையாக நினைக்க வேண்டியதில்லை; எங்கள் நாயைக் கடைசியில் எழுப்பி நிறுத்தியதும் அதே மருந்துதான், மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்துக் கொடுக்கப்பட்டது. வேறுபாடு வரிசையில்தான் இருக்கிறது: எடுக்க வேண்டிய மாதிரிகளை எடுத்த பிறகு கொடுப்பது ஒன்று, எடுக்காமலே கொடுப்பது வேறு. எந்த ஊசி போட்டாலும் அதன் பெயரைச் சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். வலிக்கான சில மாத்திரைகளோடு ஸ்டீராய்டு சேர்ந்தால் குடலில் புண் உண்டாகலாம். தொடர்ந்து உட்கொள்ளும் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதையும் மறக்கக் கூடாது.

வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கலாமா?

கூடாது. பாராசிட்டமால், இபுபுரூபன், டைக்ளோபினாக் மூன்றுமே நாய்க்கு நஞ்சாகக்கூடியவை. கோலி இன நாய்களில் மரபணுக் குறை உள்ளவற்றுக்குச் சொறிக்கான அளவில் கொடுக்கும் ஐவர்மெக்டினே உயிரைப் பறிக்கலாம். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுவைச் சிதைப்பவை என்பதால், “ரத்தம் ஊறும்” என்று பூண்டுச் சாறு கொடுப்பது எதிர்விளைவைத் தரும். “எங்கள் நாய்க்கு இதைத்தான் கொடுத்தோம்” என்று அன்போடு வரும் அறிவுரைகளைக் கேட்டுக்கொள்ளலாம், வாங்கிவர வேண்டாம்.

உணவுதான் காரணமோ என்று ஐயமாக இருக்கிறது. எப்படி அறிவது?

ஓயாத அரிப்பு, திரும்பத் திரும்ப வரும் காதுப் புண், தளர்ந்த மலம் ஆகியவை இருந்தால் இந்த ஐயத்துக்கு இடமுண்டு. நாய்களில் ஒவ்வாமையைத் தூண்டுவதாக அதிகம் பதிவானவை மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை. நம் வீட்டு நாய்களோ கோழிச் சோறும் தயிர்ச் சோறும் உண்டு வளர்ந்தவை. அறிய ஒரே வழி, நாய் இதுவரை உண்ணாத ஓர் இறைச்சியும் ஒரு மாவுச்சத்தும் மட்டும், அல்லது மருத்துவர் பரிந்துரைக்கும் தனி உணவு மட்டும், எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது. பிறகு பழைய உணவுக்கே திரும்பி, தொல்லை மீண்டும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பாட்டி பாசத்தோடு போடும் ஒரு பிஸ்கட் அந்த எட்டு வாரத்தையும் வீணாக்கிவிடும். எனவே முதலில் வீட்டாரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல எச்சில் ஒழுகுகிறது. வாயைத் திறந்து பார்க்கலாமா?

வேண்டாம். விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகுவதும், தாடை தொங்குவதும், குரல் மாறுவதும், இயல்பு மாறுவதும் ரேபிஸாகவும் இருக்கலாம். எலும்பு சிக்கியிருக்கிறது என்று கையை விட்டவர்கள் ஆபத்தைத் தேடிக்கொண்டவர்கள். தடுப்பூசிப் பதிவைக் கையில் எடுத்துக்கொண்டு, நாயைத் தனியே அடைத்து, மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும். எச்சில் காயத்திலோ கண்ணிலோ வாயிலோ பட்டிருந்தால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, கண்ணையும் வாயையும் வெறும் நீரால் நன்றாக அலசி, அன்றே மனித மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் காய்ச்சலோடு கண்ணும் ஈறும் மஞ்சளானால் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். அந்தக் கிருமி சிறுநீர் வழியே மனிதருக்கும் தொற்றும் என்பதால் கையுறை இல்லாமல் சுத்தம் செய்யக் கூடாது.

மருத்துவரை மாற்றலாமா? செலவும் கைமீறிப் போகிறது.

இரண்டாவது கருத்து கேட்பதில் பிழையில்லை, ஆனால் வாரம் ஒருவரிடம் ஓடினால் ஒவ்வொருவரும் முதலிலிருந்தே தொடங்குவார்கள். அறிக்கைகள், எக்ஸ்ரே படங்கள், கொடுத்த மருந்துகளின் பெயர்கள், நோட்டு ஆகியவற்றை ஒரே கோப்பில் கொண்டுபோக வேண்டும். 1903-இல் தொடங்கப்பட்டு இப்போது சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலுள்ள அரசுக் கல்லூரிகளும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை; பல துறையினர் ஒரே வளாகத்தில் இருப்பது இத்தகைய சிக்கலான நோய்களுக்கு ஏற்றது. கூட்டமும் காத்திருப்பும் உண்டு. செலவைப் பற்றி மருத்துவரிடம் கூச்சமின்றிப் பேசுங்கள்: “இந்தச் சோதனையின் முடிவு எப்படி வந்தால் மருந்து மாறும்?” என்ற ஒரு கேள்வி, தேவையானவற்றையும் தள்ளிப்போடக்கூடியவற்றையும் பிரித்துவிடும்.

எனக்கே தூக்கமில்லை, “ஒரு நாய்க்கா இத்தனை பாடு” என்கிறார்கள்.

2017-இல் அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாள்பட்ட நோயுள்ள பிராணிகளைப் பராமரிப்பவர்களிடம், நோயுற்ற மனிதரைப் பராமரிப்பவர்களின் சுமையை அளக்கும் அதே வகைக் கேள்விகளைக் கேட்டனர். நலமான பிராணியை வைத்திருப்பவர்களைவிட அவர்களிடம் மன அழுத்தமும் சோர்வும் கூடுதலாக இருந்தன. ஆகவே இது மிகையுணர்ச்சியன்று. எங்கள் வீட்டில் உதவியது ஒரு சாதாரண ஏற்பாடு: இரவு மாத்திரை ஒருவர், காலை வெப்பம் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை நோயைப் பற்றிப் பேச்சே இல்லை. நோயின் பெயரை இணையத்தில் நள்ளிரவில் தேடுவதை நிறுத்தியது நோட்டுக்கு அடுத்தபடியான நல்ல முடிவு.

இனியும் தொடர்வதா, போதும் என்று விடுவதா என்பதை எப்படி முடிவு செய்வது?

அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு. வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாள்கள் கெட்ட நாள்களைவிட அதிகமா என்ற ஏழுக்கும் தலா 10 மதிப்பெண்; நிலை நன்றாக இருந்தால் மதிப்பெண் கூடும், அதாவது வலி குறைவாக இருந்தால் வலிக்கான மதிப்பெண் அதிகம். மொத்தம் 35-ஐத் தாண்டினால் வாழ்க்கை ஏற்கத்தக்க நிலையில் இருப்பதாகக் கொள்ளலாம். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பெண் போட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். நாயை அதிகமாக நேசிப்பவரின் மதிப்பெண் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

நாய் இறந்துவிட்டால், பிறகாவது காரணத்தை அறிய முடியுமா?

உடற்கூறு சோதனையால் பல வேளைகளில் முடியும். அதற்கு நேரம் முக்கியம். நம் வெயிலில் உடல் விரைந்து சிதையும் என்பதால், சில மணி நேரத்துக்குள் கால்நடைக் கல்லூரிக்கோ மருத்துவருக்கோ சொல்லி, அதுவரை பனிக்கட்டிகளைச் சுற்றி வைத்துக் குளிராக வைக்க வேண்டும். உறைய வைத்தால் திசுக்கள் பாழாகி நுண்ணோக்கியில் படிக்க முடியாமல் போகும். ரேபிஸ் ஐயம் இருந்தால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். முழு உடலையும் திறக்க மனம் ஒப்பவில்லை என்றால், ஈரல், மண்ணீரல் போன்ற உறுப்புகளிலிருந்து சிறு துண்டுகள் மட்டும் எடுத்துப் பார்க்க முடியுமா என்று கேட்கலாம். சோதனைக்குப் பின் உடலைத் திருப்பித் தருவார்களா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்; அடக்கம் செய்ய இடம் பார்த்து வைத்திருப்பவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.